மூன்றாவது காரணம்

எழுபத்தெட்டாம் வருஷம். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்த என் வீட்டுக்காரர் எஸ்றா, ஹாங்காங்கிலிருந்து எழுதியிருந்தார்.

"பிளாரன்ஸ், இங்கன ரெண்டு கேம் பார்த்தேன். ஒண்ணு உள்ளங்கைக்குள்ள அடங்கும். பேட்டரி போட்டுத் தனியா ஆடலாம். இன்னொண்ணை டிவியில மாட்டணும். ரெண்டு பேர் ஆளுக்கொரு குமிழைத் திருகி, ஒரு வெள்ளைப் புள்ளியை மாத்தி மாத்தி அடிக்கணும். உனக்கு எது வேணும்? காரணத்தோட எழுது. டிசம்பரோட ஒப்பந்தம் முடியுது. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேக்காங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது ஏழு மாதம். விளையாட்டுச் சாமானைப் பற்றிக் கேட்கத் தெரிந்த மனுஷனுக்கு, கையெழுத்துப் போடவா வேண்டாமா என்று கேட்கத் தெரியவில்லை. வந்துவிடுங்கள் என்று எழுத எனக்கும் ரோஷம் விடவில்லை.

மறுநாள் மத்தியானம் வகுப்பில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே உப்பளம். வெயிலில் கண் சொருகியது. பாத்தி வரப்புகள் இரண்டு எழுந்து நின்றன. நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி மெதுவாக வந்தது. நான் அடித்தேன். அது கடலைத் தாண்டிப் போய், அவரிடமிருந்து திரும்பி வந்தது. எவ்வளவு நேரம் ஆடினோமோ, பெல் அடித்துவிட்டது.

அந்தக் கிறக்கத்திலேயே எழுதினேன். "டிவி விளையாட்டுதான் வேண்டும். ஒன்று, பேட்டரி தீராது. இரண்டு, பெரிதாகத் தெரியும். மூன்று, அதைத் தனியாக ஆட முடியாது. பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டும்."

படித்துப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. கையிலிருந்த சிவப்புப் பேனாவால் மூன்றாவதை அடித்துவிட்டு உறையை ஒட்டினேன்.

"நம்ம ஊர்ல டிவியே தெரியாதே மதினி, அத வச்சு என்ன செய்யப் போறீய?" என்று நாத்தனார் ஞானதீபம் சிரித்தாள்.

நவம்பரில் அவருடைய கூட்டாளி ஒருவர் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். பிரித்தால் ஒரே ஒரு குமிழ்தான் இருந்தது. மற்றது இருந்த இடம் காலி. வழியில் எவனோ எடுத்துவிட்டான் என்று அந்த மனுஷனைப் பிடிபிடியென்று பிடித்தேன். ஞானதீபம்தான் அடியில் கிடந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"டீச்சரம்மா, தப்பை அடிச்சா ஒத்தைக் கோடுதான் போடணும், எழுதினது தெரியணும்னு பிள்ளைகளுக்குச் சொல்லுவியே. அப்படியேதான் அடிச்சிருக்க. மூணாவதுக்குத்தான் முழு மார்க். கையெழுத்துப் போடலை. இன்னொரு குமிழ் எங்கிட்ட இருக்கு. டிவியோட வாரேன்."

கூட்டாளிக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன். பிறகு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குமிழைத் திருகியபடியே இருந்தேன்.

"யாரு ஜெயிக்கா மதினி?" என்றாள் ஞானதீபம்.

"ஏளா, பேசாம இரு. பந்து வருது," என்றேன்.