இரண்டு சென்ட் ஞாயிறு

சுண்டக்கரட்டில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் மறுநாள் காலையில் மானாகிவிடுவார்கள். பிரிவு உபசாரத்தில் போட்ட மாலையை முதலில் தின்பார்கள். பிறகு வாசல் வழியாக இறங்கி, ஊரை ஒட்டிய குன்றான கரட்டுக்குப் போய்விடுவார்கள். சால்வை வீட்டில் இருக்கும்.

துளசிமணியின் கணவர் நாட்ராயன் அரசுப் பேருந்தில் இருபத்தொன்பது வருடம் நடத்துநராக இருந்தவர். ஐப்பசிக் கடைசியில் ஓய்வு பெற்றார். அவர் கிளம்பிப் போன பிறகு நில அளவையர் வந்து, கரட்டடியில் இரண்டு சென்ட் நிலத்தை அளந்து, நான்கு மூலையிலும் கல் நட்டுவிட்டுப் போனார். மானுக்குத் தீவனம் போட வேண்டிய நிலம் அது. தைக் கடைசியில் கணக்கெடுப்பு நடக்கும். அப்போது ஒரு மான் யாருடைய நிலத்தில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் காலையில் மேய்கிறதோ, அந்த வீட்டு மானாக அதை எழுதிக்கொள்வார்கள். எழுதிய பிறகு மாற்றுவதில்லை.

துளசிமணி கொள்ளும் தட்டைப்பயறும் விதைத்தாள். இரண்டும் விரலளவு வந்து மஞ்சளாக நின்றன. நாட்ராயன் தினமும் வந்தார், மோந்து பார்த்தார், வரப்பைத் தாண்டி லோகாம்பாளின் நிலத்துக்குப் போனார். அவர்தான் என்பதில் சந்தேகமில்லை. தோல்பை தொங்கிய இடத்தில், தோளிலிருந்து இடுப்பு வரை கறுப்பாக ஒரு பட்டை இருந்தது.

லோகாம்பாளின் கணவர் சுகாதார ஆய்வாளராக இருந்து இரண்டு வருடத்துக்கு முன் மானானவர். இப்போதும் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அவருக்குப் பக்கத்தில் நாட்ராயன் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருப்பார்.

"உங்கூட்டுக்காரருக்கு எங்க பயிருதான் புடிக்குமாட்ட இருக்குது" என்றாள் லோகாம்பாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் துளசிமணி அதற்கு மேல் அங்கே நிற்காமல் வீட்டுக்கு நடந்தாள். விடியுமுன் எழுந்து, தூக்குப்போசியில் சோறு கட்டி, இருபத்தொன்பது வருடம் அனுப்பியவள் அவள். அந்த மனிதர் இன்னொரு வீட்டு மானாக எழுதப்படுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அரைக் கிலோ மண்ணை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மண் பரிசோதனை நிலையத்துக்குப் போனாள். ஒரு வாரத்தில் அட்டை வந்தது. தழைச்சத்து நடுத்தரம். மணிச்சத்து குறைவு. சாம்பல் சத்து போதுமானது. ஞாயிறு, மிகக் குறைவு.

உரக்கடை திருமூர்த்தி அட்டையை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஆரு வேலையில இருந்தது?"

"கண்டக்டருங்க தம்பி."

"அதானே பாத்தேன். கண்டக்டர், நர்ஸம்மா, போலீஸ்காரரு, ஞாயித்துக்கெழமயும் டூட்டிக்குப் போன எல்லாத்து மண்ணுலயும் இது இருக்காதுக்கா."

கடை வாசலிலேயே மான் படம் போட்ட மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. லோகாம்பாள் வாங்குவது அதைத்தான். துளசிமணி விலை கேட்டாள். கேட்டதும் கையை மூட்டையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அதுலயும் சாதா உரந்தானுங்க்கா. கூட ரெண்டு கிலோ ஞாயிறு கலந்திருக்கும். மானுக்குப் படம் பாத்து வாங்கத் தெரியாது. படம் நமக்குத்தான்" என்றார் திருமூர்த்தி.

சாதா மூட்டையை வாங்கி, ஞாயிறைத் தனியாகக் கலந்தால் அந்த விலையில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும் என்றார். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். திருவிழா ஞாயிறு பளபளவென்று இருந்தது. அது மான் படத்தைவிட விலை. மழை ஞாயிறு மலிவு, ஆனால் கட்டி தட்டியிருந்தது. எல்லாவற்றிலும் மலிவானது ஒரு மூலையில் கிடந்தது. பரீட்சைக்கு முந்தின ஞாயிறுகளாம். அதைப் போட்டால் பயிர் நன்றாக வரும், இலை கசக்கும், மான் தொடாது என்று அவரே சொல்லிவிட்டார். வியாபாரத்தில் இப்படியும் ஒருவர் இருந்தால் அவர் எங்கே மாடி வீடு கட்டப் போகிறார்.

மழை ஞாயிறும் அவளுக்குக் கட்டுப்படி ஆகவில்லை.

"ஊட்டு ஞாயிறு இருந்தாப் போடுங்க்கா. காசு செலவில்ல. வெளி ஞாயிறவிட நல்லாப் புடிக்கும். ஆனா ஒருக்கா மண்ணுல போட்டா, எடுக்க முடியாது."

"ரெண்டு சென்ட்டுக்கு எத்தன வேணும்?"

திருமூர்த்தி அட்டையை மறுபடியும் பார்த்தார். "இருக்கறது பூராவும் வேணும்" என்றார்.

அவள் மணிச்சத்துக்காகச் சூப்பர் பாஸ்பேட் ஒரு சிறு மூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினாள். யூரியா தேவையில்லை, பயறு வகை தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்று அவர் சொல்லியிருந்தார்.

மகள் வாணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் இருந்தாள். வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அந்த வாரம் வந்தவளிடம் துளசிமணி சாப்பாடு போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

வாணி சோற்றைப் பிசைந்தாள்.

"நான் ஞாயித்துக்கெழம மட்டுந்தானம்மா வர முடியும்."

"தெரியுங் கண்ணு."

"அப்பா ஒரு ஞாயித்துக்கெழமகூட ஊட்ல இருந்ததில்ல."

"அதுந் தெரியும்."

"அப்பப் போடு" என்றாள் வாணி. குழம்பு வேண்டாம், மோர் ஊற்று என்றாள்.

சாயங்காலம் அவளைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து, துளசிமணி வீட்டிலிருந்த ஞாயிறுகளை எடுத்தாள். காலண்டருக்குப் பின்னால், அரிசிப் பானையில், கட்டிலுக்கு அடியில் என்று இருந்தவை, இனி வரவேண்டியவை, எல்லாம் சேர்ந்து ஒன்றரை மூட்டை வந்தது. வரவேண்டியவை ஈரமாகவும் இளசாகவும் இருந்தன. அவற்றை அள்ளும்போது அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். பிறகு பாஸ்பேட்டோடு கலந்து, நிலத்தில் ஒரே சீராகத் தூவி, கொத்திவிட்டு, புது விதை போட்டாள்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அவளுக்குச் சனிக்கிழமைக்கு மறுநாள் திங்கட்கிழமை வந்தது. மார்கழி சீக்கிரம் முடிந்தது. வாணியை அவள் பார்க்கவில்லை. வாணி தொலைபேசியில் பேசினாள், வேலை நேரத்தில் பேசியதால் சுருக்கமாகப் பேசினாள்.

பயிர் முழங்கால் உயரம் வந்தது. இலைகள் அகலமாக, மதியத் தூக்கம் போட்டு எழுந்தவை போலத் தளர்ந்து கிடந்தன.

கணக்கெடுப்பின் முதல் நாள் வனக்காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாட்ராயன் கரட்டிலிருந்து இறங்கி வரப்பில் நின்றார். லோகாம்பாளின் நிலத்தைப் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். துளசிமணி கூப்பிடவில்லை, கூப்பிடக் கூடாது என்பது விதி. அவர் இந்தப் பக்கம் இறங்கினார். முதல் வரிசையில் ஆரம்பித்து, ஒரு செடியையும் விடாமல், பின்வரிசை வரை போய்த் திரும்பினார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வனக்காவலர் கதவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை துளசிமணி எலுமிச்சைச் சாதம் கிளறித் தூக்குப்போசியில் அடைத்து, நிலத்து மூலைக் கல்லில் மாட்டிவிட்டு வந்து படுத்தாள். திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தாள். தூக்குப்போசி கழுவிக் கவிழ்த்திருந்தது. பயிர் நடுவே இரண்டு பேர் வெகுநேரம் உட்கார்ந்திருந்த அளவுக்குப் படிந்து கிடந்தது.

போசிக்கு அடியில் வாணியின் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. 'அம்மா, அப்பா நல்லா சாப்பிட்டார். நான் கொண்டுவந்த மிக்சரையும் சாப்பிட்டார். பொழுது சாயும் வரைக்கும் என்கூடவே இருந்தார். உனக்கு ஒன்று கொடுக்கச் சொன்னார்.'

சீட்டுக்குள் ஒரு பயணச்சீட்டு மடித்து வைத்திருந்தது. ஓரத்தில் பல்லால் கடித்துத் துளை போட்டிருந்தது. சனி முதல் திங்கள் வரை. இடையில் நிற்காது. மகளிர், கட்டணமில்லை.

துளசிமணி அதை மணிபர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். பரிசோதகர் எந்தக் கிழமையில் ஏறுவார் என்று சொல்ல முடியாது.