கலவன் செடி

வயல் வரம்பில் குந்தியிருந்த கனகலிங்கம் கைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். அக்கராயனில் வெயில் இன்னும் இறங்கவில்லை. கனடாவில் இப்போதுதான் விடிந்திருந்தது. திரையில் மகன் கிருசாந்தன் நின்ற பாத்தி முழுக்கச் செடிகள் கறுத்து, அவித்த கீரை மாதிரிச் சுருண்டு கிடந்தன.

"இரவு பனி உறைஞ்சுபோச்சப்பா. ஒண்டும் மிஞ்சேல்லை."

அவை கஞ்சாச் செடிகள். அங்கே சட்டப்படி வளர்க்கிறார்கள். அந்தப் பண்ணை புது இனம் ஒன்றை உருவாக்குகிறது என்று மட்டும் கிருசாந்தனுக்குத் தெரியும். இங்கே அந்தச் சொல்லை உரக்கச் சொன்னால் பொலிஸ் வாசலில் வந்து நிற்கும் என்று கனகலிங்கத்துக்குப் பயம். மகனுக்கு மருந்துத் தோட்டத்தில் வேலை என்று ஊருக்குச் சொல்லிவைத்திருந்தார். அழைப்பு வந்தால் வீட்டை விட்டு வயலுக்கு வந்துவிடுவார்.

விதைநெல்லுக்கென்றே வயல் செய்கிறவர் அவர். கதிர் தள்ளும்போது மற்றவற்றோடு ஒவ்வாமல் முந்திக்கொண்டோ நெட்டையாகவோ நிற்கிற பயிரைக் கலவன் என்று பிடுங்கி வரம்பில் எறிவார். ஒன்றை விட்டாலும் விதை கெட்டுப்போகும். ஆவணியில் கிருசாந்தன் ஒரு செடியைக் காட்டினான். மற்றதெல்லாம் பச்சைப்பசேலென்று இடுப்பளவு நிற்க, அது மட்டும் குட்டையாக நின்று பூத்திருந்தது. பண்ணை முதலாளி அந்தப் பாத்தியை அவன் பொறுப்பில் விட்டிருந்தார். என்ன செய்வதென்று கேட்டான். மீசை முளைத்து எத்தனையோ காலமாகியும் தகப்பனைக் கேட்கிற பிள்ளை. கனகலிங்கத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

"கலவன் தம்பி அது. முதலாளி காணமுன்னம் பிடுங்கி எறி."

அன்றே பிடுங்கிவிட்டு, ஒரே மட்டமாக நின்ற பாத்தியைப் படமெடுத்தும் அனுப்பினான்.

இன்று விடிய வந்த முதலாளி தேடியது அந்தக் குட்டைச் செடியைத்தான். அத்தனை செடியை நட்டதே, குளிருக்கு முந்திப் பூத்து முடிக்கிற ஒன்று அகப்பட்டால் அதிலிருந்து புது இனத்தை எடுக்கலாம் என்றுதானாம். அதை இவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"என்ன சொன்னவர்?"

"திங்கக்கிழமையில இருந்து வரவேண்டாமாம்." கிருசாந்தன் கறுத்த செடியொன்றைக் காலால் தட்டிவிட்டான். "விசாவும் அவையின்ர பேரிலதானே அப்பா. வேலை போனா அதுவும் போகும்."

"கொப்பன் நான் சொல்லித்தான் பிடுங்கினதெண்டு சொல்லன்."

"அதை எப்பிடியப்பா சொல்லுறது. நான்தான் தெரியாமப் பிடுங்கினனான் எண்டு சொல்லிப்போட்டன்."

மகன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. வேறு பண்ணை பார், ஒரு சட்டத்தரணியைப் பிடி என்று எதையாவது சொல்ல வாயெடுத்தார். அந்த நாட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? சொன்னால் அப்படியே செய்துவிடுவான். இப்போது அதுதான் பயமாக இருந்தது.

திரையில் மகனின் காது சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"தலையை மூடு தம்பி. குளிர் பிடிச்சிடும்."

"ஓமப்பா."

கிருசாந்தன் உடனே தொப்பியைக் காதுவரை இழுத்து மூடிக்கொண்டு, அடுத்து என்ன என்பதுபோல் அவரையே பார்த்தபடி நின்றான்.