ஓரியெத்தாவின் பேட்டரி

என் மனைவி ஓரியெத்தா இறந்தது பல் டாக்டரின் வரவேற்பறையில். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. பல்லில் ஒன்றுமில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். எங்கள் இத்தாலிய ஊரில் பாதிப் பேர் அவளுடைய பைக்தான் கொன்றது என்று நம்புகிறார்கள். சிவப்பு பைக், வேகம், பெண். அவர்களுக்குக் கதை அப்படித்தான் முடிய வேண்டும்.

பைக் கராஜில் நின்றது. எனக்கு லைசென்ஸ் உண்டு, ஆனால் அதை ஓட்டியதில்லை. பின்னால் உட்கார்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்வதே போதுமாக இருந்தது.

ஞாயிறுதோறும் போய் ஸ்டார்ட் செய்வேன். கிளட்ச், தகர டப்பாவில் ஸ்பூன்களைப் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம் போடும். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைப்பேன். நான் வேதியியல் படித்தவன். ஒரு தடவை ஸ்டார்ட் செய்வதில் பேட்டரி இழப்பது, வண்டி நின்ற இடத்தில் உறுமினால் திரும்பி வராது. ஞாயிறுக்கு ஞாயிறு அதைக் கொன்றுகொண்டிருந்தேன், தெரிந்தே. சுவரில் அவளுடைய சார்ஜர் தொங்கியது. சொருகிவிட்டால் குளிர்காலம் முழுக்க அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் சார்ஜர் சத்தம் போடாது.

மாடியில் மாமியார் எர்மெலிந்தா. வண்டி அவர் பெயரில் இருந்தது. மார்ச்சில், சூப்பில் போடும் கப்பெல்லெத்தி கொழுக்கட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னார்.

"மாப்ளே, அந்த வண்டிய என் தங்கச்சி பையன் தாத்ஸியோவுக்குக் குடுத்திடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு அத்தை?"

"அவன் ஓட்டுவான். நீ புகை போடுற. என் படுக்கை விரிப்பெல்லாம் ஒரே பெட்ரோல் நாத்தம்."

"நானும் ஓட்டுவேன்."

"அப்படியா. ஆசீர்வாதத்தன்னைக்கு அது சதுக்கத்துக்குத் தானா வரணும். வேன்ல ஏத்திட்டு வந்தா, அவனுக்கு."

ஏப்ரலில் எங்கள் ஊர் பைக்குகளுக்கெல்லாம் பாதிரியார் தீர்த்தம் தெளிப்பார். பாவமன்னிப்புப் பக்கமே வராதவன்கூட அதற்கு வந்துவிடுவான்.

அன்று காலை பட்டனை அழுத்தினேன். டிக், டிக், டிக். விளக்கு மங்கியது. தாத்ஸியோ ஹெல்மெட்டோடு தயாராக நின்றான்.

"இத்தாலி வண்டி, மச்சான். ஜப்பான்காரனோடதா இருந்தா செத்த பிறகும் எந்திரிச்சு வரும்."

சொன்ன பிறகு அவனுக்கே உறைத்தது. ஹெல்மெட்டுக்குள் எதையோ தேடினான்.

மாமியார் மாவுக் கையோடு இறங்கி வந்தார். "என்னடா பாத்துட்டு நிக்கிற? தள்ளு."

"பெரியம்மா, தள்ளினா எப்படித் தானா வந்ததாகும்?"

"வாசல் வரைக்கும்தான் தள்றோம். அப்புறம் சரிவு. அதுல தானா உருளும். தள்ளுடா."

நான் ஏறி உட்கார, இருவரும் தள்ளினார்கள். சரிவில் இரண்டாவது கியர் போட்டு கிளட்சை விட்டேன். பின் டயர் கிறீச்சிட்டுச் சறுக்கியது. மறுபடி விட்டேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"எங்கயும் நிக்காத மச்சான்," என்று தாத்ஸியோ பின்னாலிருந்து கத்தினான். "ஓடினாத்தான் சார்ஜ் ஏறும்."

சதுக்கத்தில் பாதிரியார் தோன் கேலசோ வாளியோடு நின்றார்.

"நில்லுப்பா."

"நிக்க முடியாது ஃபாதர்."

வாளியையே முதுகில் கவிழ்த்தார். நனைந்தபடி போனேன். எங்கே திரும்புவது என்று தெரியவில்லை, நேராகவே போனேன். ஊர் முடிந்தது, வயல் முடிந்தது, கடல் வந்துவிட்டது. பெட்ரோல் விளக்கு எரிந்தது. பங்க்குக்கு முன்னால் எஞ்சினை ஓடவிட்டபடியே போனை எடுத்தேன்.

"எங்க இருக்க?" என்றார் மாமியார்.

"செர்வியா கடற்கரைல. பெட்ரோல் போடணும். அணைச்சா கிளம்புமான்னு தெரியல."

"கிளம்பலன்னா தாத்ஸியோ வேன் எடுத்துட்டு வருவான்."

"வேன்ல ஏத்தினா அவனுக்குன்னு சொன்னீங்க."

"அது சதுக்கத்துக்கு. சதுக்கத்தத்தான் தாண்டிட்டியே. சூப்பு ஆறுது, வா."

அணைத்தேன். பெட்ரோல் போட்டேன். பட்டனை அழுத்தினேன். ஸ்பூன்கள் குலுங்கின.

வீட்டுக்கு வந்ததும் சார்ஜரைச் சொருகினேன். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் நின்று அதையும் கேட்டுவிட்டு, சூப்புக்குப் போனேன்.