நான்கு புள்ளி ஐந்து ஆறு

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் ஒஹாயோ ஊரின் உணவகத்து வாகன நிறுத்தத்தில் பழைய கார்களின் மூடிகளைத் திறந்துவைத்து, மடக்கு நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் கனவான்கள், புதிதாக வருபவனிடம் பெயரைக் கேட்பதில்லை. "பின்னாடி என்ன கியர்?" என்றே கேட்பார்கள். கோத்திரம் விசாரிப்பது போன்றது அக்கேள்வி. இயந்திரத்திலிருந்து பின்சக்கர அச்சுக்கு வரும் தண்டு எத்தனை முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும் என்பதே விடையாக வரும் எண்ணின் பொருள். எண் பெரிதானால் வண்டி நின்ற இடத்திலிருந்து பாயும், நெடுஞ்சாலையில் அலறும். சிறிதானால் நெடுந்தூரம் அமைதியாக ஓடும். இதை என் பள்ளி மாணவர்களுக்கு விளக்கிவிடலாம். அறுபதைக் கடந்தவர்களுக்கு விளக்க இயலாது என்பதை என் அடுத்த வீட்டுக்காரர் வெர்லின் ஸ்டக்கி எனக்குக் கற்பித்தார்.

அவருடைய 1970ஆம் ஆண்டுச் செவெல் காரில், தொழிற்சாலை பொருத்திய மூன்று புள்ளி பூஜ்யம் எட்டு இருந்தது. அதன் பின்னிருக்கையில் உறங்கி வளர்ந்த மூத்த மகள் ஜெனெலுக்கு ஜூன் மாதம் இண்டியானாபொலிஸில் திருமணம். தேவாலயத்துக்கு அந்தக் காரில்தான் போவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். வெர்லினுக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை.

ஆனால் வாகன நிறுத்தத்தில் ஆரின் காட்ஸ்பி என்ற பந்தயப் பைத்தியம் சிரித்துவிட்டார்.

"மூணு சொச்சமா? அது முட்டை வாங்கப் போற வண்டிக்குப் போடற கியருய்யா!"

மறுவாரமே நான்கு புள்ளி ஐந்து ஆறு ஏறியது.

"கல்யாணம் முடியட்டும்னு சொன்னேன்ல?" என்றார் வெர்லினின் மனைவி மார்லிஸ். "பொண்ணு கேட்டது காரை. ராக்கெட்டை இல்ல."

"நீ சும்மா இரு மார்லிஸ். வாத்தியாரே, வந்து பாருங்க! முன்னாடி நாப்பது காட்டின எடத்துல இப்ப அறுபது காட்டுது. வண்டி பறக்குது!"

வேகமானி சக்கரத்தைப் பார்த்து எண்ணுவதில்லை. சக்கரத்துக்கு முன்பிருக்கும் தண்டையே எண்ணுகிறது. பின்னச்சின் விகிதத்தை மாற்றினால் வேகமானியின் சிறு பற்சக்கரத்தையும் மாற்றவேண்டும்; இல்லையேல் முள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அதைச் சொன்னேன். "புத்தகத்தைப் படிச்சிட்டுக் கார்காரனுக்குப் பாடம் சொல்லாதீங்க" என்றார். இந்த நாட்டில் அறியாமைக்கு இருக்கும் தன்னம்பிக்கை அறிவுக்கு இல்லை.

திருமண நாள் காலையில் மார்லிஸ் தம் சிறிய காரில் முன்னே போய்விட்டார். நான் செவெலில் ஏறினேன். வெர்லின் முள்ளை எழுபதில் நிறுத்தி, விரைவுத் தடத்தைப் பிடித்தார். இயந்திரம் மரம் அறுக்கும் ஆலையைப்போல் ஊளையிட்டது. லாரிகள் வலப்புறமாக எங்களைக் கடந்து சென்றன. கோழிக்கூண்டு ஏற்றிய வண்டியொன்றும் கடந்தது.

"எல்லாப் பயலும் சட்டத்தை மீறிட்டுப் போறான் பாருங்க!" என்று கத்தினார் வெர்லின்.

இண்டியானா எல்லையைத் தாண்டியதும் காவல் வாகனத்தின் விளக்குகள் பின்னால் சுழன்றன. வெர்லின் கண்ணாடியை இறக்கினார். முகத்தில் பெருமிதம் வழிந்தது.

"கொஞ்சம் வேகமாத்தான் வந்துட்டேன் ஆபீசர். பொண்ணு கல்யாணம். பின்னாடி நாலு அஞ்சு ஆறு கியர், என்ன பண்றது, காலை வெச்சாலே பாயுது."

"சார், நீங்க வந்தது நாப்பத்தேழு" என்றார் அந்த இளைஞர். "விரைவுத் தடத்துல. உங்க பின்னால ஒரு மைலுக்கு வண்டி நிக்குது. உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

வெர்லினின் முகம் வெளிறியது. நாற்பத்தேழில்தான் வந்திருக்கிறோம் என்றால், இண்டியானாபொலிஸ் இன்னும் வெகுதொலைவில் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

அதன்பின் முள் நூறைத் தாண்டியது. அப்போதும் சுற்றியிருந்த வண்டிகளுக்கு இணையாகத்தான் ஓடினோம், அவ்வளவே. இயந்திரத்தின் ஊளையில் செவிகள் அடைத்துக்கொண்டன. பெட்ரோல், ஓட்டை வாளியிலிருந்து ஒழுகுவதுபோல் தீர்ந்தது. இருமுறை நிரப்பினோம்.

தேவாலயத்தை அடைந்தபோது மணி எப்போதோ அடித்து ஓய்ந்திருந்தது. ஜெனெல் தாயின் சிறிய காரில் வந்திறங்கி, வெண்ணிற உடையுடன் படியில் நின்றிருந்தாள். அப்பா வராமல் உள்ளே போகமாட்டேன் என்று பாதிரியாரையே காக்கவைத்திருக்கிறாள்.

"அப்பா, என்ன ஆச்சு?"

"ஆங்?" என்றார் வெர்லின். காது இன்னும் திறக்கவில்லை. அவள் அவர் கையைத் தன் கையோடு கோத்து உள்ளே அழைத்துப் போனாள். அவர் அழுதார். அதற்காக நான் அவரைப் பாதி மன்னித்தேன்.

மீதியை அவரே கெடுத்துக்கொண்டார். விருந்து மண்டபம் நான்கு தெரு தள்ளி. மணமக்கள் செவெலின் பின்னிருக்கையில் ஏற, வெர்லின் மிதித்தார். டயர்கள் புகைந்தன, வண்டி பாய்ந்தது, மணப்பெண்ணின் முக்காடு ஜன்னல் வழியே பறந்து பாதிரியாரின் தோளில் விழுந்தது. உறவினர் கூட்டம் ஆரவாரித்தது. ஜெனெல் வாய்விட்டுச் சிரித்தாள்.

மண்டப வாசலில் அவர் எனக்காகக் காத்திருந்தார்.

"பாத்தீங்களா வாத்தியாரே? சரியான கியரைத்தான் போட்டிருக்கேன்!"

"அப்போ அடுத்த பொண்ணு கல்யாணத்தையும் நாலு தெருவுக்குள்ளேயே வெச்சிக்கலாம்" என்றார் மார்லிஸ்.

நான் மார்லிஸின் காரிலேயே ஊர் திரும்பினேன். செவெல் திங்கட்கிழமையன்று ஒரு பார வண்டியின் முதுகில் படுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. டயர் தேயக்கூடாதே என்பதற்காகத்தான் என்று வெர்லின் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.