இரவல் பிள்ளைகள்

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவம் ஒன்றை, இலங்கையின் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் றீட்டா நடத்திவந்தாள். செலவுக்குக் கொடுப்பது பதுளை வியாபாரிகளின் நன்கொடைச் சங்கம். சங்கத்திலிருந்து ஷஹீலா பார்வையிட வருகிறாள் என்றதும் றீட்டா பாய்களை எண்ணிப் பார்த்தாள். மடுவத்தில் பாதிக்குமேல் காலி. அதைக் கண்டால் சங்கம் உதவியை நிறுத்திவிடும், மடுவத்தை மூடவேண்டியதுதான்.

தோட்டத்துக்குப் பெரிய ஆட்கள் வந்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் முன்பக்கத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பது காலங்காலமாக நடப்பது. பின்பக்கத்தை யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? றீட்டாவும் அதே வழியில் போனாள். தோட்டத்தின் கீழ் டிவிசனில் பிள்ளைகளை இரவல் வாங்கி, பவுடர் பூசி, வரிசையாக உட்காரவைத்தாள்.

ஷஹீலாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மாஷா அல்லாஹ், இவ்வளவு பிள்ளைகளா! ஒரு குறையும் இல்லையே டீச்சர்? சுவர்ல அழகா படம் வரைஞ்சு தாறோம்."

றீட்டா தலையாட்டத்தான் போனாள். அதற்குள் இரவல் பிள்ளை ஒன்று மூலையிலிருந்த வாளியில் கோப்பையால் தண்ணீர் மொண்டு வாயருகே கொண்டுபோய்விட்டது.

"குடிக்காத!" றீட்டா பாய்ந்துபோய்க் கோப்பையைப் பிடுங்கினாள். பிள்ளை வீறிட்டு அழுதது.

ஷஹீலா திகைத்து நின்றாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று றீட்டா உண்மையைச் சொன்னாள்.

"மண்சரிவுல ஊத்துக் குழாய் உடைஞ்சிருச்சு மிஸ். இது வடிகான்ல ஓடுற தண்ணி. பிள்ளைகளுக்கு வயித்தால போயி, தாய்மாரெல்லாம் அனுப்புறத நிப்பாட்டிட்டாங்க. இதுக பாதி எங்க பிள்ளைகளே இல்ல. குறையச் சொன்னா கைகழுவிருவீங்கன்னு பயந்துட்டேன்."

ஷஹீலாவுக்குக் கோபம் வந்தது, வராமல் இருக்குமா? வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் கொட்டினாள்.

"பொய் சொன்னது பெரிய பிழை, டீச்சர்," என்றாள். "ஆனா நாங்களும் நல்ல செய்தி மட்டும் கேட்டுப் பழகிட்டோம். குழாய் எங்க உடைஞ்சது? காட்டுங்க."

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வழுக்கும் மேட்டில் றீட்டாவின் பின்னால் ஏறினாள். பிளந்து கிடந்த குழாயைப் பார்த்ததும் அங்கேயே நின்று சங்கத்துக்குப் போன் போட்டாள். "படம் வரையிறது இப்ப வேணாம். அந்தக் காசு தண்ணிக் குழாய்க்கு. ஓம், நான் பொறுப்பு."

பிறகு றீட்டாவைப் பார்த்தாள். "இனிமே உள்ளதை உள்ளபடி சொல்லணும். நான் சொல்லாமக் கொள்ளாம வருவேன்."

றீட்டாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"மழை நாளாப் பார்த்து வாங்க மிஸ், கூரையும் ஒழுகும். அன்னைக்குத்தான் எங்க லட்சணம் முழுசாத் தெரியும்."