எரிக்கச் சொன்ன நெல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் யோசித்துப் பிடித்த கதையில்லை. மன்னார்குடி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் சொன்னது. ஆராய்ச்சிக்காரி. பெயர் போட வேண்டாம் என்றாள். செம்மொழி என்று வைத்திருக்கிறேன்.

2

‘நெல்லின் மரபணுவில் ஒரே ஓரிடத்தைத் திருத்த, செம்மொழி தன் இளமையின் பதினோரு ஆண்டுகளை...’

(அடித்துவிட்டேன். பாராட்டு விழா மலர் மாதிரி இருக்கிறது.)

வேறு மாதிரி. உப்புத் தண்ணீரிலும் கருகாத நெல்லைத் தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்தில் செம்மொழி உண்டாக்கினாள். கோடியக்கரைப் பக்கம் சோதனை வயல். அரசு அனுமதி வரும்வரை ஒரு மணிகூட வேலி தாண்டக் கூடாது, மிச்ச நெல்லை எரித்துவிட வேண்டும். அந்த வேலையை அங்கே நடவு நடும் நீலாம்பாளிடம் கொடுத்தாள்.

3

இரண்டு வருஷம் கழித்து, உப்புத் தண்ணீர் ஏறி ஊரெல்லாம் பயிர் கருகிக் கிடக்க, நீலாம்பாளின் குத்தகை நிலம் மட்டும் கதிர் முற்றி நின்றது. பார்த்ததுமே செம்மொழிக்குப் புரிந்துவிட்டது.

“எவ்வளவு எடுத்தீங்க, அக்கா?”

“ரெண்டு கை, மேடம். நெல்லைத் தீயில போட மனசு வரல.”

“வெளிய போகக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

“சொன்னீங்க. நாலு வருஷமா வெதச்சது எதுவும் வீடு வந்து சேரலைங்களே.”

செம்மொழிக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. அவள் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டவள்தான்.

(அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். உங்களை அழ வைக்கும் தந்திரம், எடுத்துவிட்டேன்.)

4

முடிவு அ: செம்மொழி மேலிடத்துக்கு எழுதுகிறாள். பயிரைப் பிடுங்கி எரிக்கிறார்கள். நீலாம்பாளுக்கு வேலை போகிறது, செம்மொழியின் ஆராய்ச்சியும் நிற்கிறது.

முடிவு ஆ: வாயைத் திறப்பதில்லை. நீலாம்பாள் வீட்டில் உலை கொதிக்கிறது, விதை நாலு வீட்டுக்குப் போகிறது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று செம்மொழி நம்புகிறாள். அதை உறுதி செய்யும் பரிசோதனை இன்னும் முடியவில்லை.

5

இறங்கும்முன் சொன்னாள்: “ஒன்பது நாள்ல அறுப்பு, சார். ‘அறுக்கலாமா மேடம்’னு அக்கா தினமும் கேக்குறாங்க. நான் போனையே எடுக்கறதில்ல. நீங்க எழுதுங்க.”

“எழுதினா மாட்டிக்குவீங்களே?”

பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

தன்னால் எழுத முடியாத புகாரை என் கையால் எழுத வைக்கிறாளோ? பயந்துபோய் ஊரை மாற்றினேன். கோடியக்கரை என்றது பொய். எனக்கும் துணிச்சல் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். நீங்களும் இப்போது தெரிந்துகொண்டுவிட்டீர்கள்.

இன்றைக்கு அறுப்புக்கு நாலு நாள்தான் இருக்கிறது. நீலாம்பாளுக்கு என்ன சொல்லலாம்?