வாக்குவம் போடும் நேரம்

எங்கள் வீட்டில் நான் தினமும் வாக்குவம் கிளீனர் போடுவேன். ஒரு நாள் விடமாட்டேன். ஈஸ்ட்லீயில் எங்கள் தெரு முழுக்கக் கட்டிடம் எழும்பிக்கொண்டே இருக்கிறது, நைரோபித் தூசி எல்லாம் எங்கள் ஜன்னலுக்குத்தான் விலாசம் கேட்டு வருகிறது. சுவருக்குச் சுவர் கம்பளம். உட்காருவது, சாப்பிடுவது, தொழுவது, பிள்ளைகள் உருண்டு சண்டை போடுவது எல்லாம் அதன் மேல்தான். அதனால்தான் தினமும் போடுகிறேன் என்று நினைத்து அக்கம்பக்கத்தில் எனக்குப் பெரிய சுத்தக்காரி என்று பெயர். வல்லாஹி, நான் அப்படியொன்றும் சுத்தக்காரி இல்லை. என் அலமாரியைத் திறந்து பார்த்தால் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மெஷின் ஓடும் நேரம் மட்டும்தான் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மற்ற நேரமெல்லாம் "உபா! உபா!" என்று என் பெயர் வீட்டைச் சுற்றிப் பறந்துகொண்டிருக்கும். காலுறை எங்கே, டீ எங்கே, சார்ஜர் எங்கே, வந்தவருக்குச் சாப்பாடு உண்டா. கேட்கிறவர்களுக்கும் கண் இருக்கிறது, கை இருக்கிறது. ஆனாலும் உபாதான் வேண்டும். மெஷினைப் போட்டுவிட்டால் கூப்பிட்டும் பயனில்லை என்று விட்டுவிடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில், அந்த இரைச்சலுக்குள்ளே, நான் வாய்விட்டுப் பாட்டுக் கட்டுவேன்.

புரான்பூர். கல்யாணத்தில் பெண்கள் கூடி நின்று, ஒருத்தி முன்னே வந்து சொல்லும் பாட்டு. முதல் அடி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, கடைசி வரை அதே எழுத்தை இழுத்துக்கொண்டு போக வேண்டும். எழுதிப் பார்த்தால் எனக்கு வராது. சொல்லிச் சொல்லி, நாக்கில் புரட்டிப் புரட்டித்தான் அடி நிற்கும். பாதியில் இருக்கும் பாட்டு வேகாத சோறு மாதிரி, அதை அடுத்தவர் வாயில் வைக்க முடியுமா? எனக்குக் கூச்சம். என் வீட்டுக்காரர் லீபானுக்குக்கூடத் தெரியாது.

தெரிந்தவள் என் தங்கை ஹிபாக் ஒருத்திதான். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் போனில் சொன்னாள்: "அக்கா, உம்மாவும் இல்ல. காசுக்கு வந்து பாடுறவ என்னைப் பத்தி என்னத்தச் சொல்லுவா? நீதான் சொல்லணும்." நானும் சரி என்று வாக்கைக் கொடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டில் மெஷினுக்கு வழக்கு வந்தது.

தொடங்கி வைத்தவர் வர்சமே மாமா, லீபானின் தாய்மாமன். வடக்கே வஜீர் ஊரிலிருந்து கண் ஆபரேஷனுக்கு வந்தவர். ஆபரேஷன் முடிந்து கண் நன்றாகத் தெரிகிறது, ஊருக்குப் போகும் பஸ் மட்டும்தான் இன்னும் தெரியவில்லை.

"ரேடியோவுல ஒரு சேதி கேக்க முடியல. தெனமும் இந்தப் பேய்ச் சத்தம்! கார்ப்பெட்டு என்ன பாவம் பண்ணுச்சு? முடியெல்லாம் கொட்டி என் தலை மாதிரி ஆயிடுச்சு பாருங்க."

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் டீ வைத்துக்கொண்டு பஞ்சாயத்துக் கூடியது. ஒட்டகம் காணாமல் போனால்கூட இவ்வளவு ஆர்வமாக உட்கார மாட்டார்கள். லீபான் போனைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இங்க போட்டிருக்கான். ஆள் நடமாட்டம் அதிகமா இருக்கற எடத்துல தெனமும், மத்த எடத்துல வாரத்துக்கு ரெண்டு தடவை."

"இந்த வீட்டுல ஆள் நடமாட்டம் இல்லாத எடம் எதுடா?" என்றாள் ஷுக்ரி மதினி.

ஷுக்ரி மதினி லீபானின் அக்கா. புருஷன் மவுத்தான பிறகு, எங்கள் கல்யாணத்துக்கு முன்பே, இரண்டு பிள்ளைகளோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து வீட்டு நிர்வாகம் அவளுடையது. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது சாவிக்கொத்தை என் கையில் வைத்து, "இனி எல்லாக் கதவும் உன்னுது" என்று சொன்னவளும் அவள்தான். நல்லவள். ஆனால் சிரிக்கவும் மாட்டாள், அழவும் மாட்டாள். புருஷனை அடக்கம் பண்ணிய அன்று வந்தவர்களுக்கு எல்லாம் சோறு வைத்தவள் என்று லீபான் சொல்லியிருக்கிறார்.

அவளே தீர்ப்பும் சொன்னாள். "திங்களும் வியாழனும் எனக்கு நோன்பு. அடுப்படியில வேலை கம்மி. அந்த ரெண்டு நாள் போட்டாப் போதும். உபா, நீயும் கொஞ்சம் உக்காந்து எந்திரி. மெஷினோட மல்லுக்கட்டியே மெலிஞ்சு போயிட்ட."

என்மேல் பாசத்தில் சொன்னதுதான். ஆனால் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. என் பாட்டில் தொடக்கம் இருக்கிறது, நடு இல்லை, முடிவு இல்லை. "தூசி சேர்ந்துரும் மதினி" என்று சொல்லிப் பார்த்தேன். "சேரட்டும், தூசிக்கு வாடகையா குடுக்கறோம்?" என்றாள். அதோடு முடிந்தது.

அந்த இரண்டு நாளில் கிடைத்த நேரம் நாலு அடிக்குக்கூடப் போதவில்லை. மதினி சொன்னபடி உட்கார்ந்தும் பார்த்தேன். நான் உட்கார்ந்தால் சும்மா இருக்கிறேன் என்று அர்த்தம். உடனே நாலு பேருக்கு டீ வேண்டியிருந்தது. குளியலறைக்குள் போனால் கதவைத் தட்டுகிறார்கள். மொட்டை மாடிக்குப் போனால் துணி காயப்போடும் பெண்கள், ஊர்க்கதை. வேறு வழி? கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை, பிள்ளைகள் சோற்றைச் சிந்திவிட்டார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லி, மெஷினை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

எத்தனையோ நாள் பட்டினி கிடந்தவள் மாதிரி இருந்தேன். மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தி, அது கத்துவதற்கு மேல் நானும் கத்தினேன். அடி அடியாக வந்தது.

"கேளடி என் கண்மணியே, கல்யாணப் பெண்ணே கேள்,
கூப்பிடுவார் நூறு பேர், கூப்பிட்டால் ஓடிடுவாய்,
கொத்துச் சாவி கொடுப்பார்கள், கதவெல்லாம் உன்னதென்பார்..."

அந்த இடத்தில் கரண்டு போனது.

மெஷின் சட்டென்று செத்தது. என் வாய் நிற்கவில்லை. அதற்குப் பிரேக் கிடையாதே! அடுத்த அடி முழுத் தொண்டையில் வீடு முழுக்கப் போய் விழுந்தது:

"கதவடைத்து நீ இருக்க ஓர் அறையும் கிடைக்காது!"

யா அல்லா. அதற்குப் பிறகு வந்த அமைதியை நான் மறக்க மாட்டேன். குழாய் சொட்டுவது கேட்டது. வர்சமே மாமாவின் குரல் வந்தது: "யாரு அது? ரேடியோவா?"

கதவைத் திறந்தேன். ஷுக்ரி மதினி நடையில் நின்றிருந்தாள், கையெல்லாம் மாவு. சாவியைக் கொடுத்தவள் அவள்தானே. என்னைப் பார்த்தாள். திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். தரை பிளந்தால் அப்படியே இறங்கியிருப்பேன்.

சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் சேதி தெரிந்துவிட்டது. கோபிப்பார்கள் என்று பயந்தேன். அதைவிட மோசம், எல்லோரும் பாசமாகிவிட்டார்கள். லீபானுக்குத் தாங்க முடியாத பெருமை. "என் பொண்டாட்டி கவிஞர்னு எனக்கே தெரியாமப் போச்சே! நாளைலேர்ந்து நீ அந்த ரூமுல உக்காரு. மெஷினப் பசங்க போடட்டும், அதுவும் நீ முடிச்ச பொறகு. ஒரு பய வாயத் தொறக்கக் கூடாது."

வியாழக்கிழமை அப்படியே நடந்தது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து விரல் நுனியில் நடந்தார்கள். மாமா ரேடியோவைக் காதோடு ஒட்ட வைத்துக்கொண்டார். நான் அறை நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. எத்தனை காது என்று தெரியவில்லை, எல்லாம் எனக்காகத் தீட்டி வைத்த காதுகள். "கேளடி" என்றேன். கேட்கிறதுதான் தெரிகிறதே! அடுத்த சொல் வரவில்லை.

வெள்ளியும் அதே கதிதான். ஹிபாக் போன் பண்ணினாள். "அக்கா, பாட்டு ஆயிடுச்சா? இல்லேன்னா சொல்லு, ஆளு ஏற்பாடு பண்ணிடறேன். நான் தப்பா நெனைக்க மாட்டேன்." தப்பாக நினைக்க மாட்டேன் என்று அவள் சொன்னதுதான் என்னைக் குத்தியது. போனை வைத்துவிட்டு அழுதேன். அமைதி எனக்கு எதற்கு? யார் காதிலும் என் குரல் விழாத ஓர் இடம்தான் எனக்கு வேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? இவ்வளவு செய்தும் போதவில்லையா இவளுக்கு என்பார்கள். நியாயம்தானே.

ஞாயிறு கல்யாணம். சனிக்கிழமை காலை அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வெளியே திடீரென்று மெஷின் சத்தம்.

நடையில், என் கதவுக்கு நேர் எதிரே. வர்சமே மாமா கத்துவது லேசாகக் கேட்டது: "ஷுக்ரி! இன்னிக்குத் திங்களும் இல்ல, வியாழனும் இல்ல!"

"அழுக்கு என்ன கெழம பாத்தா வருது? போங்க மாமா, கீழ போய்க் கடையில டீ குடிங்க. டேய், பசங்களா, நீங்களும் போங்கடா!"

அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும்தான். ஷுக்ரி மதினிக்கு முழங்கால் வலி, மெஷினைத் தொடவே மாட்டாள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைத் திறந்தேன். யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும் விட்ட இடத்திலிருந்து அடி கிளம்பி வந்தது, ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு. உம்மாவைப் பற்றி வந்தது. ஹிபாக் சின்னப் பிள்ளையில் என் முதுகில் தூங்கியது வந்தது. கடைசி அடியும் வந்து உட்கார்ந்தது. முழுசையும் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எங்கும் இடறவில்லை.

மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பாவம், கால் கடுக்க நிற்கிறாளே என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். "போதும் மதினி, முடிஞ்சுது" என்றேன். அவள் காதில் விழவில்லை.

என் பக்கம் முதுகு காட்டிப் பாதி திரும்பி நின்றிருந்தாள். ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், அந்த இடத்தில் ஒரு துரும்பும் இல்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. பாட்டில்லை. யாரிடமோ பேசுகிறாள், கேட்கிறாள், நிறுத்துகிறாள், மறுபடியும் பேசுகிறாள். கன்னம் முழுக்க ஈரம். இத்தனை வருடத்தில் நான் பார்க்காத முகம் அது.

நான் பின்வாங்கி, கதவை மெதுவாகச் சாத்தினேன். மறுபக்கத்துக் கதவு வழியாக அடுப்படிக்குப் போய் உலையை வைத்தேன். மதினியின் சின்ன மகன் கீழேயிருந்து ஓடி வந்து, "உம்மா எங்க? உம்மா!" என்று கத்தத் தொடங்கினான்.

அவன் வாயைப் பொத்தி மடியில் உட்கார வைத்தேன்.

"உம்மா வேலையா இருக்காடா," என்றேன். "கூப்பிடாத."